போட்டியில் இல்லாதது

பழைய அலைச்சுவரை ஒட்டிப் புதிதாகக் கான்கிரீட் சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று துறைமுக அலுவலகத்திலிருந்து தகவல் வந்தபோது, கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒற்றை அறையில் நான்கு பேரும் இருந்தார்கள். நிலையத்தின் தலைவியான டாக்டர் தன் மேசையில் இருந்தார். படம் எண்ணுகிறவள் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இருந்தாள். அவளுடைய அண்ணன், அந்த நிலையத்தின் முக்குளிப்பவர், மூலைத் தொட்டியில் ரப்பர் உடுப்பை அலசிக்கொண்டிருந்தார். படகுக்காரர் அறையின் நட்டநடுவில், போக வர எல்லாருக்கும் இடைஞ்சலாக, மர நாற்காலியில் உட்கார்ந்து கயிற்று நுனியைப் பின்னிக்கொண்டிருந்தார்.

நாற்காலியை நகர்த்தச் சொல்லி எல்லாரும் ஒரு காலத்தில் கேட்டுப் பார்த்தவர்கள்தான். படகுக்காரர் ஏன் என்று கேட்கவும் மாட்டார், நகர்த்தவும் மாட்டார். கல்லுளி என்று அவருக்குப் பெயர் வைத்தது முக்குளிப்பவர்.

"கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடின்னு சொல்லுவாங்க. நம்ம ஆளு எங்கயும் போறதே இல்ல. அதனால ஊரு தப்பிச்சது."

படகுக்காரர் அதற்கும் கயிற்றையே பார்ப்பார்.

மற்ற மூவரும் வாய்க்கு வாய் பேசுகிறவர்கள். டாக்டர் பாதுகாப்பு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் முக்குளிப்பவருக்கு மேற்கொண்டு பேச்சு எழாது. அவர் அந்தச் சூட்டோடு தங்கையிடம் வருவார். அண்ணன் குரலை உயர்த்தினால் அவள் அடங்கிவிடுவாள். ஆனால் அவள் திரும்பி, "கணக்கு அப்படி வரலையே மேடம்" என்று சொல்லிவிட்டால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். யார் யாரிடம் போவதானாலும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கால் தடுக்கும், கயிறு காலைச் சுற்றும், அதை விடுவித்துக்கொள்வதற்குள் சொல்ல வந்ததில் பாதி ஆறிப்போகும்.

அலைச்சுவரின் நிழல் பக்கத்தில், நீருக்கடியில், டாக்டர் வேலைக்கு வந்த புதிதில் திருகி வைத்த கருங்கல் ஓடுகள் இருந்தன. அவற்றின் மேல் மூன்று உயிர்கள் படர்ந்திருந்தன. ஒன்று சிவப்புக் கடற்பஞ்சு. இன்னொன்றை இவர்கள் சரிகை என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கூட்டமாகக் கட்டுகிற வெள்ளைப் பின்னல். மூன்றாவது ஊதா, தோல் போலப் பரவுவது. சிவப்பு சரிகையின் மேல் ஏறி அதை மூச்சு முட்ட வைத்துவிடும். சரிகை ஊதாவின் மேல் ஏறும். ஊதா சிவப்பை மூடும். ஒன்றுக்கு ஒன்று எமன், ஆனால் எந்த எமனுக்கும் இன்னொரு எமன் உண்டு. துறைமுகத்தின் மற்ற இடங்களில் ஏதாவது ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்றும் சேர்ந்து பிழைத்துக் கிடந்தது அந்தச் சுவரில் மட்டும்தான்.

முக்குளிப்பவர் படம் எடுத்து வருவார். படத்தின் மேல் கம்ப்யூட்டர் கூட்டல் குறிகளைத் தூவும். ஒவ்வொரு குறிக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அவள் ஒரு பொத்தானைத் தட்டுவாள். ஒன்று என்றால் சிவப்பு, இரண்டு சரிகை, மூன்று ஊதா. மூன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம். ஓடுகளில் அங்கங்கே காய்ந்த சுண்ணாம்பைப் பூசியதுபோல் சாம்பல் நிறத் திட்டுகள் கிடந்தன. அதற்கும் பூஜ்யம்தான். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்: "சாம்பல்னா காலி. யோசிக்காம தட்டு." அவளும் யோசிக்காமல் தட்டினாள். கல்யாணம் ஆகாமல், அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, தன் இளமையை அந்த நான்கு பொத்தான்களின் மேல் கழித்தவள் அவள்.

சுவர் மூடப்படுவதற்குள் ஓடுகளைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புதிய படகுத்துறையின் படிக்கட்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் பொருத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதே சமயத்தில்தான் காது டாக்டர் முக்குளிப்பவரிடம் இனித் தலையைத் தண்ணீருக்குள் விடவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"இதான் கடைசி முங்கு. ஓடுங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டு நான் கரையேறிடறேன்" என்றார் டாக்டரிடம்.

"காது போயிடும்னு தெரிஞ்சும் உங்கள இறக்க எனக்கு மனசு வரல."

"வேற ஆள இறக்குவீங்களா? அவன் வெண்கலக் கடையில புகுந்த யானை மாதிரி எடுப்பான். அப்புறம் என்ன மிஞ்சும்?"

டாக்டர் விதிகளைப் பேசவில்லை. முக்குளிப்பவர் இறங்கினார். பால் பானையை விளிம்புவரை நிரப்பித் தூக்கி வருகிறவர்போல, ஒரு துளி சிந்தாமல் ஒவ்வொரு ஓட்டையும் மேலே கொண்டுவந்தார். படகில் கடல்நீர்த் தொட்டியில் படகுக்காரர் வாங்கி வைத்தார். கடைசி ஓட்டோடு முக்குளிப்பவர் மேலே வந்தபோது இடது காதிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், "எல்லாம் உயிரோட இருக்கா பாரு" என்றார் படகில் இருந்த தங்கையிடம்.

"இருக்கு அண்ணா."

"மூணும்?"

"மூணும் இருக்கு."

புதிய படகுத்துறையில் ஒரு சிக்கல். சாம்பல் திட்டு சில ஓடுகளின் ஓரங்களில் விரல் தடிமனுக்கு ஏறியிருந்ததால் அவை சட்டத்தின் பள்ளத்துக்குள் நுழையவில்லை. முக்குளிப்பவர் உளியை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"ஓரத்த மட்டும் சுரண்டட்டுமா, முழுசும் எடுத்துடட்டுமா?"

டாக்டர் எண்ணுகிறவளிடம் திரும்பினார். "உன் கணக்குல அது என்னது?"

"காலி மேடம். பூஜ்யம்."

"அப்போ முழுசும் எடுத்துடலாம். புது இடம். மூணுக்கும் படர எடம் கிடைக்கும்."

தண்ணீர் தெளித்தபடியே சுரண்டினார்கள். மூவரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தது அன்றைக்குத்தான். சாம்பல் லேசில் விடவில்லை. பொடிப்பொடியாகப் பெயர்ந்து படிகளில் விழுந்து அலையோடு போயிற்று. படகுக்காரர் படகிலிருந்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் நடந்து இறங்கி, கம்பில் கட்டிய கேமராவை நீருக்குள் விட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனபின் படகுக்கு வேலை இல்லை. அடுத்த முறை நிதி கேட்டு எழுதும்போது டாக்டர் படகுக்காரரின் பெயரைச் சேர்க்கவில்லை. சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. படகுக்காரர் "சரிம்மா" என்றார். நாற்காலி அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போனார்.

"அப்பாடா, அறையே பெரிசாயிடுச்சு" என்றார் முக்குளிப்பவர். அது உண்மைதான்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்று நிறங்களும் சுரண்டிய இடங்களில் புகுந்து பரவின. பூஜ்யப் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. டாக்டர் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார். வந்தவர்களெல்லாம் ஏதோ துணிக்கடையில் நிற்பவர்கள்போல் நின்று பார்த்தார்கள். முக்குளிப்பவர் மட்டும் படங்களைப் பார்க்க மாட்டார். இப்போது அவர் அறையில் சிலிண்டர்களைத் துடைப்பதும் சாமான்களை அடுக்குவதுமாக இருந்தார்.

"நேர்ல பாத்தவனுக்குப் படம் எதுக்கு? நீ சொல்லு, போதும்" என்பார் தங்கையிடம்.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேட்பார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணா."

"சரிகை?"

"நல்லா இருக்கு."

அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்வாள்: "வீட்டுல இருக்கற மனுஷி எப்படி இருக்கான்னு இந்த மனுஷன் ஒருநாள் கேட்டிருப்பாரா? ஓடா இருந்தாலாவது கேப்பாரு."

"உனக்குத்தான் வாய் இருக்கே, நீயே சொல்லிடுவ. அதுங்க சொல்லுமா?"

அறையில் சண்டைகள் வேறு மாதிரி ஆயின. முன்பும் சண்டை இருந்தது. இப்போது குறுக்கே எதுவும் இல்லை. ஒருவர் சொன்னது அப்படியே சூடாக அடுத்தவர்மேல் போய் விழுந்தது. மழை நாளில் கேமராக் கம்பு வழுக்கி ஓடுகளின்மேல் இடித்ததற்காக டாக்டர் முக்குளிப்பவரை, "கண்ணும் போச்சா காதோட?" என்று கேட்டுவிட்டார். அவர் இரண்டே எட்டில் தங்கையின் மேசைக்கு வந்து, "என் சோத்தைத் தின்னுட்டு நீயும் அந்தம்மா பக்கம்தானே" என்றார். அவள் அழவில்லை. டாக்டரிடம் போய், நீங்கள் போன வருடம் எழுதிய கட்டுரையில் கூட்டல் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். டாக்டர் அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் இரண்டாம் பொத்தானின் ஓசை குறைந்தது.

தற்செயல் என்று முதலில் நினைத்தாள். சிவப்பு ஓர் ஓட்டில் சரிகையை முழுதும் தின்றிருந்தது. முன்பும் அப்படி ஆகும். ஆனால் அதே ஓட்டின் இன்னொரு மூலையில் சரிகை கொஞ்சம் ஒதுங்கிக் கிடக்கும், அங்கிருந்து மறுபடி கிளம்பும். இப்போது எந்த மூலையிலும் ஒதுங்கக் காணோம். சிவப்பு ஒரு விளிம்பில் ஏறி மறுவிளிம்பில் இறங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன் அன்று.

"இருக்கு அண்ணா."

"நல்லா இருக்கான்னு கேட்டேன்."

"நல்லா இருக்கு."

அவர் காதின் ஓரத்தில் பஞ்சு வைத்திருந்தார். பேசுகிறவர் முகத்தை இப்போதெல்லாம் அதிகம் உற்றுப் பார்ப்பார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் பழைய படங்களை எடுத்து, ஒரே ஓட்டின் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தாள். வேலைக்கு வந்த இத்தனை காலத்தில் அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எண்ணி முடித்து மூடுவதுதான் வழக்கம். நிறங்கள் மூன்றும் ஓடின, துரத்தின, மூடின, விலகின. அவற்றின் நடுவே சாம்பல் திட்டுகள் அசையாமல் நின்றன. சிவப்பு அதன் விளிம்புவரை வந்து நின்றுவிடும். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவதற்குள், அங்கே ஒளிந்திருந்த சரிகை வேறெங்காவது கிளை விட்டிருக்கும். ஊதாவும் அப்படியே வந்து நின்று, சுற்றிக்கொண்டுதான் போயிற்று. சாம்பலின் மேல் எதுவும் ஏறவில்லை. அதுவும் எதன் மேலும் ஏறவில்லை.

இன்னொரு முறை ஓடவிட்டாள். அப்போதுதான் தெரிந்தது. அசையாமல் என்று நினைத்தது சரியில்லை. முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் சாம்பலின் ஓரக்கோடு ஒன்றாக இல்லை. நகம் வளர்கிற வேகத்தைவிட மெதுவாக அது வளர்ந்திருந்தது. மேல்தோலைத் தானே உரித்துக் கழித்துக்கொண்டு, வந்து ஒட்டியதையெல்லாம் அந்தத் தோலோடு உதிர்த்துவிட்டு, உயிரோடு இருந்திருக்கிறது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நின்றபடியே பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பூஜ்யம்னா காலின்னு உனக்கு யார் சொன்னது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் மேடம்."

"நான் அப்படிச் சொல்லல. இந்த முறைய எழுதினப்போ எனக்கு உன் வயசுகூட இல்ல. போட்டியில இல்லாததுன்னு சொன்னேன். அது ஓர் உயிர்னு எனக்குத் தெரியும். அது யாரையும் ஜெயிக்கல, யாருக்கும் தோக்கல, அதனால எண்ண வேண்டாம்னு நெனச்சேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அப்புறம் நானும் காலின்னே பேச ஆரம்பிச்சுட்டேன்" என்றார்.

"நான்தானே அன்னைக்குக் காலின்னு சொன்னேன்."

"கேட்டது நான்."

பழைய சுவரில் தேடலாம் என்றால், அதற்கு முன்னால் கான்கிரீட் எழும்பி முடிந்திருந்தது. வேறெங்கும் அந்தச் சாம்பல் கண்ணில் படவில்லை. சரிகை அப்போது ஒரே ஓர் ஓட்டில், தபால்தலை அளவுக்கு மிஞ்சியிருந்தது. கருங்கல் சில்லுகளை அதைச் சுற்றி வேலிபோல் ஒட்டிப் பார்த்தார்கள். வெறும் கல்லின் மேல் எதுவும் ஏறும். சிவப்பு வேலியைத் தாண்டியது. அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் கேமராவில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். சரிகை போனபின் ஊதாவின் மேல் ஏற ஆள் இல்லை. ஊதா அவசரப்படாமல் சிவப்பை மூடிக்கொண்டே வந்தது. அவள் விரல் மூன்றாம் பொத்தானிலிருந்து எழுவதே அரிதாயிற்று.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல மேடம்."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். உளி அவர் கையில இருந்துச்சு. யார் சொன்னாலும் அவருக்கு அந்த உளிதான் காதுல விழும்."

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என்ன தோன்றியதோ, படகுக்காரருக்கு போன் செய்தாள். அவர் ஏதோ ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்குவதாகக் கேள்வி.

"சொல்லும்மா" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பல், சரிகை, பொய், சோற்றைப் பற்றி அண்ணன் சொன்னது, டாக்டர் பாதியில் எழுந்து போனது. அவருக்கு அதில் எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஓடுகளில் என்ன வளர்கிறது என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நடுநடுவே "ம்" என்றார். எஞ்சின் ஓசை கேட்டது. பேசி முடித்தபோது ஒரு பஸ் போய்விட்டிருந்தது.

"வேற?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்ல."

"ஆள் ஏறுது. வெச்சிடறேன்மா."

அன்று வீட்டுக்குப் போனபோது அவளுக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் எங்கோ விழுந்துபோயிருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

ஓடுகளை எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். இனி எண்ண எதுவும் இல்லை. சட்டத்தைக் காலி செய்து துறைமுகத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். ஓய்வுபெற இன்னும் காலம் இருந்தும் அதற்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எடுப்பதற்கு முந்தின நாள் காலையில், முக்குளிப்பவர் யாரிடமும் சொல்லாமல் படகுத்துறைக்குப் போனார். அண்ணி போன் செய்துதான் தங்கைக்குத் தெரியும். அவள் ஓடி வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிகளில் மார்பளவு நீரில் நின்றிருந்தார். மழைக்குப் பிறகு வந்த கலங்கல் நீர். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"அண்ணா, காது."

"தலைய விடல. கைதானே விடறேன்." திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "பாக்கணும்னு இல்ல. சிவப்பு உப்புத்தாள் மாதிரி உரசும். சரிகையில விரல் பட்டா நொறுங்கும். ஊதா வழுக்கும். தொட்டாலே தெரியும் எனக்கு."

மேல் வரிசையில் முதல் ஓட்டின்மேல் அவர் கை போவது தோளின் அசைவில் தெரிந்தது. உள்ளங்கையை முழுதாக வைத்துத் தடவினார். அடுத்ததுக்குப் போனார். ஒரு ஓட்டில் ரொம்ப நேரம் நின்றார், விரல் நுனியால் மூலைமூலையாகத் தேடுவதுபோல. ஒரு மீன்பிடிப் படகு கடந்துபோய், அதன் அலை வந்து அவர் கழுத்தை நனைத்தது. தாடையை மட்டும் உயர்த்திக்கொண்டார்.

"வழுக்குது" என்றார். பிறகு, "இதுவும் வழுக்குது."

அவள் மேல்படியிலேயே நின்றாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா அண்ணா."

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"உன் அண்ணி சமைச்சது உப்பு இல்லன்னாகூட உன் முகத்துல தெரியும். இது எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." அவர் மேல் வரிசையின் கடைசி ஓட்டையும் தடவி முடித்தார். "சுரண்டினப்போ அது விடவே மாட்டேன்னுச்சு. கல்லு இவ்வளவு பிடிவாதமா ஒட்டாதேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. வேலைய முடிக்கணும்னு இருந்தேன்."

"காலின்னு சொன்னது நான்."

அவர் கீழ் வரிசைக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். நீர் இடது காதின் பஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. அப்படியே ஒரு கணம் இருந்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"கீழ இருக்கறத நீ பாரு" என்றார்.

இத்தனை காலத்தில் நீருக்கடியில் அவள் அவற்றில் ஒன்றையும் தொட்டதில்லை. செருப்பைக் கழற்றி வைக்கத் தோன்றாமல் படிகளில் இறங்கினாள். பாசி வழுக்கியது, அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். புடவை நீரில் எழும்பி மிதந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, கன்னம் நீரில் படும்வரை குனிந்து, சட்டத்தைத் தடவிக் கீழ் வரிசையைக் கண்டுபிடித்தாள். முதல் ஓட்டின்மேல் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. ஈரமான தோல்போல இருந்தது, அடியில் லேசாக ஏதோ சுருங்கியது. ஓரங்களையும் மூலைகளையும் தேடினாள். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

"என்ன?" என்றார் அண்ணன்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓட்டிலும் விரலை விளிம்புவரை கொண்டுபோனபின்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஊதாதான் அண்ணா. எல்லாத்துலயும் ஊதாதான்."

அவர் தலையை ஆட்டினார். பிடித்த முழங்கையை விடாமல், இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.